வைக்கோல் துரும்பும் காது மிஷினும்

பொறுக்கியெடுத்த வைக்கோல் துரும்புகளை இடது உள்ளங்கையில் வரிசையாக வைக்கிறார் ஒருவர். அதுதான் இங்கிலீஷ்காரன் பட்டாளம். பிறகு சில சைகைகள்: எந்தப் பொழுதில், எந்தப் பக்கமாக. கடைசியில் வலக்கையால் துரும்புகளை ஒரே வீச்சில் வழித்துத் தள்ளிவிட்டு, வாயால் விஸ்ஸென்று ஓர் ஓசை. சுற்றி நிற்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தாக்குதல் தொடங்கிவிட்டது. முதல் ஆளாக ஓடுபவரும் பெரும்பாலும் அவர்தான்.

இதை எழுதிவைத்தவர் எதிரணிக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ். பாஞ்சாலங்குறிச்சிப் போரில் நேரடியாக நின்றவர். தன் படைத்துறை நினைவுகளை 1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் அந்தத் துரும்புக்காரரான ஊமைத்துரையைப் பற்றி வரும் பக்கங்களில் பகைவனின் கசப்பைத் தேடினால் கிடைக்காது, வியப்புதான் கிடைக்கும். ஒல்லியாய் நெடுநெடுவென்று ஒரு வாலிபர். காதும் கேளாது, வாயும் பேசாது. சுற்றியிருந்த சனமோ அவரைச் சாமி என்று கும்பிடுகிறது, அவர் கைவிரல் அசைந்தால் அதுவே சட்டம் என்று வெல்ஷ் வியக்கிறார்.

வீட்டில் வைத்த பெயர் குமாரசாமி. வரலாற்றில் நின்றது ஊமைத்துரை. அவருக்கு இருந்தது வெறும் திக்குவாய்தான் என்று சொல்பவர்களும் உண்டு. வெல்ஷ் சொன்னபடியே வைத்துக்கொண்டால் அந்தப் பெயரில் ஒரு விசித்திரம் இருக்கிறது. குறை காதில், பெயர் வாய்க்கு. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராமல் போவது பேச்சு உள்ளே போகாததால்தான். தொண்டையில் கோளாறு எதுவும் இருக்காது. ஆனால் ஊர் எப்போதும் வெளியே வராததைத்தான் கவனித்தது. உள்ளே போகாததை அல்ல.

அண்ணனோ நேர் எதிர். கட்டபொம்மன் இன்று தமிழர் நினைவில் முதலில் ஒரு குரலாகத்தான் இருக்கிறார். 1959இல் பி.ஆர். பந்துலு இயக்கிய படத்தில் சிவாஜி கணேசன் எழுப்பிய அந்தக் குரலைப் பள்ளி ஆண்டுவிழாவில் போட்டுப் பார்க்காத ஊர் தென் மாவட்டங்களில் இருக்காது. அதே படத்தில் ஊமைத்துரையாக நடித்தவர் ஓ.ஏ.கே. தேவர். அவரைப் போல நடிக்கிறேன் என்று மேடையேறிய பிள்ளைகள் எத்தனை பேர்?

இத்தனைக்கும் போர்க் கணக்கில் தம்பி இளைத்தவர் இல்லை. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் அண்ணனைத் தூக்கிலிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். தம்பியைப் பாளையங்கோட்டையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி தம்பி தப்பினார். அடுத்த சில நாட்களிலேயே கம்பெனிப் படை போய்ப் பார்த்தபோது இடித்த கோட்டை மறுபடி எழுந்து நின்றது, சுவர் மேல் ஆட்களோடு. மார்ச் 31ஆம் தேதித் தாக்குதலில் வெள்ளையர் பலத்த அடி வாங்கித் திரும்பினார்கள். மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. இந்தப் போர் முழுக்க ஆணைகள் பிறந்தது ஒரு மனிதரின் கையில். பீரங்கி வெடிக்கும் இடத்தில் காது நன்றாகக் கேட்பவனுக்கும் எதுவும் கேட்காது என்பதை நினைத்துப் பார்த்தால், தலைவனின் கையைப் பார்த்துப் பழகிய படைக்கு அது குறையாக இருந்திருக்குமா, அனுகூலமாக இருந்திருக்குமா என்றுகூடத் தோன்றும்.

ஒன்று மட்டும் தெளிவு. அந்தத் துரும்பு மொழி ஒருவர் கையில் மட்டும் இருந்திருந்தால் மொழியாகியிருக்காது. ஒரு பாளையமே உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறது.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கிழக்கே இறங்கினால் கடல். கரிசல் முடிந்து உப்பளம் தொடங்கும், வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல், அப்புறம் தூத்துக்குடி. காதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான கரை வேறு இருக்க முடியாது. நூற்றாண்டுகளாக இந்த ஊர் காதைக் கொடுத்துத்தான் முத்து எடுத்தது.

தண்ணீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. செவிப்பறைக்கு உள்ளே அடைபட்ட காற்று அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். மூக்கைப் பிடித்து ஊதி, எச்சில் விழுங்கி, காதை 'விட' வேண்டும். சளி பிடித்த நாளில் காது விடாது. அன்றைக்கும் கடலுக்குப் போனால் பறை கிழியும். ஆறும், மறுபடி கிழியும். கல்லைக் காலில் கொண்டு முத்துப் பாருக்கு இறங்கிய பரவர்களும் மற்றவர்களும் ஒரு பருவத்தில் எத்தனை தடவை இறங்கியிருப்பார்கள்! தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். பார்களில் சிப்பி அற்றுப்போக, தொழிலும் நின்றது. சங்கு குளிப்பது இன்றும் இருக்கிறது. கல்லுக்குப் பதில் படகில் கம்ப்ரசர், வாயில் காற்றுக்குழாய். இறங்கும் ஆழம் கூடியிருக்கிறது. காதின் கதை மாறவில்லை.

முத்துக்குளிப்பவரின் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. அக்காளோ தங்கையோ தாலியறுக்க விடமாட்டான், அதாவது உடன்பிறந்தவள் தாலி தன் கையில் என்று தெரிந்தவன் கயிற்றைக் கவனமாகப் பிடிப்பான் என்ற கணக்கு. கணக்கு கிடக்கட்டும். கடலுக்கு அடியில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. கயிறு ஒரு தரம் அசைந்தால் ஓர் அர்த்தம். மேலே இருப்பவன் கண்ணும் கையும் அந்தக் கயிற்றிலேயே இருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டு இருந்தால் கீழே இருப்பவன் போய்விடுவான். கோட்டைக்குள் துரும்பு; கடலுக்குள் கயிறு.

சங்குக்கு வருவோம். செவிடன் காதில் ஊதின சங்கு என்று ஒரு பழமொழி. சொல்லாதவர் கிடையாது. ஆனால் காது பரிசோதிப்பவர்களைக் கேட்டால் இந்தப் பழமொழி பாதிதான் சரி என்பார்கள். காது மந்தமான பெரியவர்களில் மிகப் பலருக்குச் சங்கு நன்றாகவே கேட்கும். அவர்களுக்குக் கேட்காதது மருமகள் பேசுவது.

காரணம் உட்காதில் இருக்கிறது. அங்கே நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு சிறு குழல். சங்கின் தம்பி என்றே சொல்லலாம். பிறக்கும்போது அதற்குள் சுமார் 15,000 மயிரணுக்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு சுருதிக்கு. உச்ச சுருதியைப் பிடிக்கும் அணுக்கள் குழலின் வாசலிலேயே இருக்கின்றன. கனத்த சுருதிக்கானவை உள்ளே, சுருளின் உச்சியில். எல்லாச் சத்தமும் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். வீட்டில் முதலில் தேய்வது வாசற்படிதானே. வயதானாலும், தறிச் சத்தத்தில் முப்பது வருடம் நின்றாலும், வேட்டுச் சத்தம் கேட்டாலும் முதலில் போவது அந்த வாசல்தான். போனால் போனதுதான், மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை.

சங்கின் ஓசை கனமானது, உள்ளே வரைக்கும் போய்விடும். உயிரெழுத்துகளும் அப்படித்தான். ஆ, ஓ, ஊ எல்லாம் கேட்கும். ச, த, ட, க, ப என்று சொல்லின் ஓரங்களைச் செதுக்கும் மெய்யெழுத்துகள்தான் மெல்லிசான உச்ச ஓசைகள். அவை உதிர்ந்துவிடும். கடை, சடை, தடை, படை நான்கும் அவர் காதில் 'அடை'யாகத்தான் விழும்.

"மாமா, கடைக்குப் போயிட்டு வாரேன்."

"அடையா? ராத்திரிக்கா?"

வீடு சிரிக்கும். பெரியவரும் சேர்ந்து சிரிப்பார். மூன்றாம் தரம் சிரிக்க மாட்டார். அதற்கு அடுத்த தரம், கேட்காவிட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். "எங்க மாமாவுக்குக் கேக்கும். வேணுங்கிறது மட்டும் கேக்கும்" என்று பக்கத்து வீட்டில் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சிலும் ஓர் உண்மை இருக்கிறது. ஆண்களின் கனத்த குரல் அவருக்குக் கேட்கிறது. மனைவி, மருமகள், பேத்தி குரல்கள்தான் மேல் சுருதி. அவர் ஆளைப் பார்த்துக் காதை மூடவில்லை. காது ஆளைப் பார்த்து மூடிக்கொண்டிருக்கிறது.

இதனால்தான் 'கேக்குது, ஆனா வெளங்கல' என்ற புகாரை மருத்துவர்கள் தினமும் கேட்கிறார்கள். கத்தினால் சரியாகிவிடும் என்று வீட்டார் நினைப்பார்கள். கத்தும்போது பெருகுவது உயிரெழுத்து; மெய் அப்படியே கிடக்கும். போதாததற்கு, பழுதான உட்காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ சட்டென்று வலிக்கும். ஆகவே அந்த வீட்டில் 'சத்தமாப் பேசு' என்பதும் 'ஏன் கத்துதே' என்பதும் ஒரே நிமிடத்தில் ஒரே வாயிலிருந்து வரும்.

ஆலைச் சத்தத்துக்கு வருவோம். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நிற்க வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவை கோரிக்கை, கேட்டதைப் பெற்றார்கள். (வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்.) இயந்திர இரைச்சல் காதைத் தின்கிறது என்பது அன்று கோரிக்கையாக முடியாத காலம். காது போவதில் ரத்தம் வருவதில்லை, வலியில்லை, ஒரே நாளில் நடப்பதுமில்லை. அப்படிப்பட்ட இழப்புக்கு யார் கொடி பிடிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேள்விக் குறைவு. அவர்களில் 43 கோடிப் பேருக்கு உதவி கட்டாயம் தேவை. இந்தியச் சட்டம் இதை வேறு கோலால் அளக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழப்பு இருந்தால்தான் 'கேள்விக் குறைவு', 70 என்றால் 'காது கேளாமை'. 45 டெசிபல் இழந்தவர் இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறார். கல்யாண மண்டபத்தில் பக்கத்து இலைக்காரர் பேசுவது அவருக்குப் புரியாது. அடையாள அட்டையும் கிடையாது. சட்டத்துக்கு எங்காவது கோடு போட்டாக வேண்டும்தான். ஆனால் கோட்டுக்குக் கீழே இருப்பவர்தான் எண்ணிக்கையில் அதிகம், மிஷினால் மிக நன்றாகப் பயன்பெறக்கூடியவரும் அவரே.

மிஷின் என்றுதான் ஊரில் சொல்வார்கள். காது மிஷின்.

அதற்கு ஒரு குடும்ப வரலாறு உண்டு. டெலிபோன் கண்ட கிரகாம் பெல்லின் தாய்க்குக் காது மந்தம். மனைவி மேபல் சிறு வயதிலேயே காய்ச்சலில் கேள்வியை இழந்தவர். 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபோது, காது மிஷின் செய்பவர்கள் மட்டும் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டாம் என்று அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்தது, பெல்லின் நினைவாக. கடையில் விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் பொருட்களில் ஒன்று, 1952 கடைசியில் வந்த காது மிஷின். தெருவெல்லாம் பாடிய டிரான்சிஸ்டர் ரேடியோ அதற்குப் பின்னால்தான் வந்தது. பாட்டுக் கேட்பவனுக்கு முன்னால் கேட்காதவனுக்குப் போய்ச் சேர்ந்த அபூர்வமான தொழில்நுட்பம் அது.

சட்டைப் பையில் பெட்டி, காதுக்கு ஒயர் என்ற காலம் ஏறக்குறையப் போய்விட்டது. இப்போது காதுக்குப் பின்னால் மாட்டுவது, ஒலிபெருக்கி மட்டும் மெல்லிய கம்பியில் காதுத் துளைக்குள் போவது, முழுதாக உள்ளே ஒளிந்துகொள்வது என்று பல சாதி. விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும். வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "வெளிய தெரியாம ஏதும் இருக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே பாதித் தேர்வு தவறிவிடுகிறது. மிகச் சிறியதில் பேட்டரியும் சிறிது, சக்தியும் குறைவு. காதுக் குறும்பி சீக்கிரம் அடைக்கும். நடுங்கும் விரலால் அதைக் கழற்றி மாட்டுவது அரிசியில் கல் பொறுக்குவது போல. இழப்பு அதிகமென்றால் காதுக்குப் பின்னால் மாட்டுவதும், காதின் அச்சு எடுத்துச் செய்த மோல்டும்தான் சரிப்படும். மோல்டு சரியாகப் பொருந்தாவிட்டால் உள்ளே போக வேண்டிய சத்தம் கசிந்து திரும்பி மைக்கில் விழுந்து கீயென்று கத்தும். அந்தக் கீச்சொலியே பல மிஷின்களைப் பெட்டிக்குள் அனுப்பிவிடுகிறது.

தூத்துக்குடிக்காரருக்கு இன்னொரு கவலையும் உண்டு. உப்புக்காற்று. இரும்புக் கேட்டையே அரித்துத் தின்கிற காற்று, அவரைவிதை அளவு இருக்கும் மின்னணுப் பொருளை விட்டுவைக்குமா? அதோடு வேர்வை. ஆகவே இந்த ஊரில் மிஷின் வாங்குபவர் எத்தனை சேனல், அதாவது சுருதிகளை எத்தனை பிரிவாகப் பிரித்துக் கையாளும் என்று கேட்பதற்கு முன் ஈரம் தாங்குமா, பழுது பார்க்க எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்பது புத்திசாலித்தனம். இரவில் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்துவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா உருண்டைகள் போட்ட டப்பாவில் மூடிவைத்தால் ஆயுள் கூடும்.

பேட்டரியை அருகில் வைத்துப் பார்த்தால் அது ஒரு வேடிக்கையான பொருள். பொத்தான் அளவு, முதுகில் நிறம் பூசிய ஒட்டுத்தாள். 13ஆம் எண்ணுக்கு ஆரஞ்சு, 312க்குப் பழுப்பு, பெரிய 675க்கு நீலம். தாளை உரித்தால் ஊசிமுனைத் துளைகள். உள்ளே இருக்கும் துத்தநாகம் அந்தத் துளை வழியே காற்றை இழுத்துத்தான் மின்சாரம் செய்கிறது. உரித்தவுடன் மாட்டக் கூடாது. ஒரு நிமிடம் மூச்சு வாங்க விட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அது கரைந்துகொண்டேயிருக்கும். தாளைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. இது தெரியாமல் வேலை மிச்சம் என்று நினைத்து எல்லாத் தாளையும் முன்னாடியே உரித்துவைத்தவர்கள் உண்டு.

தூத்துக்குடியில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். தெருவுக்கு இப்படி ஒரு வீடாவது இருக்கும். நூற்பாலையில் காலம் கழித்த பெரியவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பி நல்ல விலையில் மிஷின் வாங்கிக் கொடுத்தான். முதல் நாள் மாட்டியதும் அவருக்குக் கேட்டது மகன் குரல் அல்ல. ஃபேன். எவர்சில்வர் தட்டு. சட்டை உரசுவது. தெருவில் போகும் பைக். பத்து வருடமாக எதையும் கேட்காமல் இருந்த மூளை, எதைத் தள்ள வேண்டும் என்பதை மறந்துவிட்டிருந்தது. "கொய்ங்குன்னு கெடக்கும்மா, எடுத்துரு" என்றார். மறுநாள் அது பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில். விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும். மகன் போனில் கேட்டால் "போட்டிருக்காக, போட்டிருக்காக".

கண்ணாடி போட்டால் உடனே தெரியும். மிஷின் அப்படியல்ல என்பதை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். குறைந்தது சில வாரம் பழக வேண்டும். முதலில் வீட்டில், அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு. அப்புறம் டிவி. அப்புறம் கடைத்தெரு. கல்யாண மண்டபம் கடைசிப் பாடம். இரண்டு காதிலும் இழப்பு என்றால் இரண்டுக்கும் போடுவதே நல்லது. எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. அளவைச் சரிசெய்ய இரண்டு மூன்று தரமாவது ஆடியாலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். சத்தத்தை மொத்தமாகப் பெருக்கும் ஆயிரம் ரூபாய்க் கருவி மிஷின் ஆகாது. அவரவர் இழப்பின் வரைபடம் பார்த்து, இழந்த சுருதியை மட்டும் தூக்கிக் கொடுப்பதுதான் மிஷின். இதற்கெல்லாம் முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தாக வேண்டும். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே போதும். சீழ் வடியும் காதுக்கு வேறு சிகிச்சை. அந்தக் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற பாட்டி வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்த வேண்டும். ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, அது அவசர நோய்.

இவ்வளவும் செய்தாலும் மிஷினுக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்கும் குரலைத்தான் அது நன்றாகக் கொண்டுவரும். அடுப்படியிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, மிக்ஸி ஓடும்போது "மாமா, காபி குடிக்கியளா?" என்று கேட்டால் லட்ச ரூபாய் மிஷினும் கைவிரிக்கும். மருமகள் நான்கு அடி நடந்து வந்து, முகம் தெரிகிற மாதிரி நின்று, முதலில் ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் கேட்க வேண்டும். கத்த வேண்டாம். நிதானமாகச் சொன்னால் போதும். 'வெளங்கல' என்று அவர் சொன்னால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வதற்குப் பதில் வேறு சொல்லில் சொல்ல வேண்டும். 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்பதை மட்டும் சொல்லவே கூடாது. காது மந்தமானவர்களை அதைப் போலச் சுடும் சொல் வேறில்லை.

மகன் அனுப்பிய பணத்தில் இது வராது. மிஷினைப் பற்றிய விளம்பரங்கள் எல்லாம் அந்தக் காதோடு நின்றுவிடுகின்றன; எதிரே இருக்கும் வாய்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஊமைத்துரைக்கு ஒரு பாளையம் வாய்த்தது. இந்தப் பெரியவருக்கு வீட்டில் நாலு பேர் வாய்த்தால் போதும், பீரோவில் இருக்கிற பெட்டி வெளியே வந்துவிடும்.

ஊமைத்துரை இன்று பிறந்தால் என்ன ஆகியிருப்பார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. பிறந்த சில நாட்களிலேயே காதில் சிறு முனை வைத்து, உட்காது திருப்பி அனுப்பும் எதிரொலியை அளந்து, கேட்கிறதா என்று சொல்லிவிட முடியும். சந்தேகம் உறுதியானால் ஆறு மாதத்துக்குள் மிஷின். அது போதாவிட்டால் காக்ளியர் இம்பிளாண்ட். அறுவை சிகிச்சை செய்து உட்காதுக்குள் மின்முனைகளைச் செருகி, செத்துப்போன மயிரணுக்களைத் தாண்டி நரம்பையே தொடுவது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் சிறு குழந்தைகளுக்கு அந்தச் செலவை ஏற்கிறது. அறுவை முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. அதில் தாய்தான் முதல் ஆசிரியை. சென்னையில் 1969 முதல் நடக்கும் பால வித்யாலயாவில் தாய்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் பயில்கிறார்கள். இந்த மாவட்டங்களில் அக்காள் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே கட்டிக்கொள்வதால் பிறவிச் செவிட்டுத்தன்மை கூடுகிறது என்பது மருத்துவர்கள் அலுக்காமல் சொல்லிவரும் செய்தி. கயிறு பிடிக்கும் மச்சான் நம்பிக்கைக்குரியவன்தான். அவன் மகளை மகனுக்குக் கட்டுவதில்தான் சிக்கல். ஆக, இன்றைய குமாரசாமி பேசியிருப்பார். பெயரும் குமாரசாமியாகவே நின்றிருக்கும்.

ஆனால் எல்லாரும் பேசித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒரு காலமும் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை கூடாது, வாய்ப்பேச்சே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெல்லும் அந்தக் கட்சிதான். உலகெங்கும் பள்ளிகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்டார்கள், சில இடங்களில் நிஜமாகவே. அந்தத் தீர்மானத்தை அதே மாநாட்டின் வாரிசுகள் 2010இல் வான்கூவரில் கூடி நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 130 வருடம் பிடித்தது. மிலானில் கூடிய அறிஞர்கள் வெல்ஷ் புத்தகத்தைப் புரட்டியிருக்க நியாயமில்லை. புரட்டியிருந்தால் ஒரு கை துரும்பால் பீரங்கிப் படையைத் தடுத்து நிறுத்திய கதை அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஊமைத்துரை சங்கிலியோடு கிடந்த பாளையங்கோட்டையில்தான், ஒரு நூற்றாண்டு முடிவதற்குள், ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளில் ஒன்று. அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக இன்றும் நடக்கிறது. மிஷின் மாட்டிய பிள்ளைகளும் அங்கே உண்டு. இடைவேளையில் கூடி நிற்கும் காது கேளாத பிள்ளைகளைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சண்டை நடக்கிறதோ என்று தோன்றும். அவ்வளவு கைவீச்சு. பக்கத்தில் போனால் அரட்டை.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்பது 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டை இருந்த இடத்தைப் போருக்குப் பிறகு கம்பெனியார் உழுதுவிட்டார்கள். வீரசக்கதேவி கோயில் திருவிழாவில் தேவராட்டம் ஆடும்போது தேவதுந்துபியின் அடி காதைவிட நெஞ்சில் முதலில் விழும். காது கேளாதவரும் தாளம் தப்பாமல் நிற்கக்கூடிய வாத்தியம் அது.

வெல்ஷ் இன்னொரு சம்பவமும் எழுதியிருக்கிறார். மே 24க்குப் பிறகு, தப்பியோடிய வழியில் விழுந்து கிடந்தவர்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். உயிர் ஊசலாடக் கிடந்த மகன், என்னை விட்டுவிடு, பக்கத்தில் சாமி கிடக்கிறது, அதைத் தூக்கு என்கிறான். அவளும் கூட இருந்தவர்களும் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பெனிக்காக எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். பெண்கள் அவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மையில் போன பிள்ளை என்கிறார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார்கள்.

பிழைத்தார். சிவகங்கைப் பக்கம் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து இன்னும் சில மாதம் போரிட்டார். 1801 நவம்பர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள், அந்த வேளையில், அவரைக் காப்பாற்றிய அத்தனை பெரிய ஓலத்தில் ஒரு துளியும் அவர் காதில் விழுந்திருக்காது. யாரோ ஒரு பெண் துணியை விலக்கி, முகத்துக்கு நேரே கையசைத்த பிறகுதான் தெரிந்திருக்கும், வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று.